தேதித் தாளுக்கு விடைக்குறிப்பு

ஜனவரி 19

தங்கைக்கு,

போதுமான காலம் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நேற்று வரை, கிட்டத்தட்ட ஐந்து மாதம். நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு: நான் பேசாததற்குக் காரணம் இருந்தது.

நலம். உன் அண்ணியும் நலம். மாடிப்படி ஏறும்போது முழங்கால் வலி மட்டும் அவளுக்கு முன்னால் ஏறிவிடுகிறது. நீயும் உன் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடித முறைக்கு இது போதும், இனி விஷயம்.

உன் அண்ணி கடைத்தெருவிலிருந்து ஒரு நாள்காட்டி வாங்கி வந்து சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறாள். தினம் ஒரு தாள் கிழிக்கிற வகை. ஒவ்வொரு தாளிலும் தேதிக்குக் கீழே 'இன்றைய தூண்டில்' என்று, கவிதை எழுத ஒரு யோசனை. அட்டையின் மூலையில் உன் பெயர். அவள் வேண்டுமென்றே வாங்கினாள் என்பது என் கட்சி. "கடையில இருந்ததை வாங்கினேன், வேற இல்ல" என்பது அவள் கட்சி.

நேற்றைய தாளில் இருந்தது இது: 'உங்களோடு பேசாமல் இருக்கும் ஒருவருக்குக் கடிதம் எழுதப்போகிறீர்கள். முதல் வரியை மட்டும் எழுதுங்கள்.'

யாரைக் குறிவைத்தது என்று எனக்குப் புரியாது என நினைத்தாயா? ஊர் முழுக்கச் சுவரில் மாட்டுகிற தாளில் அண்ணனைக் குத்திக் காட்ட உன்னால்தான் முடியும். உன் மகள் பட்டம் வாங்கியதற்காக நீ கொடுத்த விருந்தில், நாற்பது பேர் நடுவில் நீ சொன்னது எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "எங்க அண்ணன்கிட்ட சாப்பிட்டியான்னு கேட்டாக்கூட, கேள்வி தெளிவா இல்ல, எந்த வேளைன்னு சொல்லும்பார்." எல்லோரும் சிரித்தார்கள். நீ வேலை பார்க்கிற கிளினிக்கின் பல் டாக்டர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இருபத்தெட்டு வருடமாகத் தேர்வு வாரியத்தில் வினாத்தாள்களைச் சரிபார்க்கிறவன் நான். ஒரு கேள்வி தெளிவாக இல்லையென்றால் ஒரு லட்சம் பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அது கேலிக்குரிய வேலை இல்லை. சாப்பிடாமல் எழுந்து வந்தேன்.

தொழில்முறையாகவே சொல்கிறேன்: உன் கேள்வியும் தெளிவாக இல்லை. பேசாமல் இருப்பவர் யார், எழுதுகிறவரா, பெறுகிறவரா? எத்தனை சொல்லுக்குள்? நல்ல பதிலில் என்னென்ன இருக்கவேண்டும் என்று சொல்கிற விடைக்குறிப்பு எங்கே? எங்கள் வாரியத்தில் விடைக்குறிப்பு இல்லாமல் ஒரு கேள்வியும் அச்சுக்குப் போகாது. நானே ஒன்று தயாரிக்க முயன்றேன். வந்தது, 'போதுமான காலம் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன்' என்பது மட்டும்தான். அது கவிதை இல்லை, கடிதம். ஆகவே கேள்வி தவறு.

போனில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம், போனில் சொன்னதை நீ இன்னொரு நாற்பது பேரிடம் கொண்டுபோவாய். இதற்கு நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 1

அன்புள்ள அண்ணா,

நானும் மகளும் சௌக்கியம். அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. காலையில் என்னைவிட அவசரமாகக் கிளம்புகிறாள். அண்ணியின் முழங்காலை நினைத்தால் கவலையாக இருக்கிறது. படி ஏறுகிற வேலையை நீ எடுத்துக்கொள்ளேன்.

உன் கடிதம் வந்த நேரம் கிளினிக்கில் நல்ல கூட்டம். மேசைக்கு அடியில் வைத்துப் படித்தேன். எதிரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு பேர், நான் மட்டும் சிரித்துக்கொண்டு. ஒருவர், "உங்களுக்கென்னம்மா, பல்லு உங்களுதா இருந்தாத்தானே வலி தெரியும்" என்றார்.

அந்தத் தாள் உன்னைக் குறிவைத்ததா என்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. மற்றத் தாள்களையும் பார். பிழை இருந்தால் குறித்து அனுப்பு. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது என் கட்டுரை நோட்டில் நான் நீலத்தில் எழுதியதைவிட நீ சிவப்பில் எழுதியது அதிகம். அதற்கப்புறம் யாரும் என்னை அப்படி உட்கார்ந்து படித்ததில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தூண்டில்கள் கவிஞர்களுக்கு இல்லை. எழுதலாம் என்று உட்கார்ந்து, வெள்ளைத்தாளைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுகிறவர்களுக்கு. நானும் அந்தச் சாதிதான். நாளுக்கு ஒரு கேள்வி கேட்டால் ஒருவேளை உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒரு ஆசை. இது எனக்கு முதல் வருடம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


பிப்ரவரி 16

தங்கைக்கு,

இங்கே நலம். அங்கே நலமாயிருக்க விருப்பம். படி ஏறும் வேலையை எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 20 முதல் பிப்ரவரி 14 வரை இருபத்தாறு தாள்களைச் சரிபார்த்தேன். தேறியவை ஒன்பது. தேறாத பதினேழின் பட்டியல் தனித்தாளில். சிலவற்றை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

'கையில் பிடிக்க முடியாத ஐந்து பொருட்களைப் பற்றி எழுதுங்கள்.' கையில் பிடிக்க முடியாதது எப்படிப் பொருளாகும்? விடைக்குறிப்பு போட்டுப் பார்த்தேன். கெண்டியின் மூக்கிலிருந்து கிளம்பும் ஆவி. பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்தும் சத்தம். உன் அண்ணி துணி மடிக்கும்போது முனகுகிற பாட்டு. முப்பது வருடத்தில் அதன் இரண்டாம் அடியை நான் கேட்டதில்லை. அலுவலகத்தில் எனக்கு வந்திருக்கவேண்டிய அறை. ஐந்தாவது கிடைக்கவில்லை. நான்கு கேட்டிருந்தால் போதும்.

அந்த அறை இப்போது யாருக்கு என்று உனக்குத் தெரியாது. என்னிடம் வேலை கற்றுக்கொண்டவன். எந்நேரமும் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பதால் அலுவலகத்தில் அவனுக்குப் புன்னகை என்று பெயர். உங்கள் கிளினிக் வாசலில் நிறுத்தினால் விளம்பரச் செலவு மிச்சம்.

'உங்கள் வீட்டில் யாரும் உட்காராத நாற்காலி.' எல்லார் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும் என்று எதை வைத்து முடிவு செய்தாய்? எங்கள் வீட்டில் இருக்கிறது, அது வேறு. அதன்மேல் பழைய வினாத்தாள் கட்டுகள். யாராவது வந்தால் உட்காரட்டும் என்று ஒருநாள் அவற்றை எடுத்தேன். யாரும் வரவில்லை. திரும்ப வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 9: 'மன்னிப்பு என்ற சொல் வராமல் ஆறு வரியில் மன்னிப்புக் கேளுங்கள்.' இது நேராக என் நெற்றியைப் பார்த்து எறிந்த கல். கேட்கவேண்டியவன் நானாக்கும். பாடத்திட்டத்துக்கு வெளியே என்று குறித்து ஒதுக்கிவிட்டேன்.

உன் மகளுக்கு வாழ்த்துச் சொல். முதல் மாதமே யாரையும் நம்பவேண்டாம் என்றும் சொல்.

அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? உன் பட்டியல் கிளினிக் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. கூட்டம் குறைந்த நேரத்தில் ஒவ்வொன்றாகத் திருத்திப் பார்க்கிறேன். நான்கு என்று கேட்டிருந்தால் போதும் என்கிறாய். நான்கு கேட்டிருந்தால் உனக்கு மூன்றுதான் வந்திருக்கும்.

நேற்று காலண்டர்க் கம்பெனி மேலாளரைப் பார்க்கப் போனேன். கெட்ட மனிதர் இல்லை. மேசை நிறைய மாதிரித் தாள்களைப் பரப்பி வைத்திருந்தார். "கவிதை யாரும்மா எழுதறாங்க? சமையல் குறிப்பு போட்டா கிழிச்சு அலமாரிக் கதவுல ஒட்டிக்கறாங்க. உங்க தாளைக் கிழிச்சு என்ன பண்றாங்கன்னே தெரியலையே" என்றார். இதுவரை வாசகர் கடிதம் நான்கு வந்திருக்கிறதாம். அதில் ஒன்று, சமையல் குறிப்பு போடச் சொல்லி.

அடுத்த வருடத்துக்கான முந்நூற்று அறுபத்தைந்தையும் மே 31க்குள் கொடுக்கவேண்டும். கொடுத்தாலும், அதையும் சமையல் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வாராம். என் கையில் இருப்பது முப்பத்தெட்டு. போன செப்டம்பரிலிருந்து ஒன்றுமே வரவில்லை. உன் முதல் கடிதம் வந்த வாரம் மட்டும் பதினொன்று வந்தது. காரணம் தேடாதே.

இது போய்விட்டால் ஒன்றும் குடி முழுகாது. ஆனால் நான் மறுபடியும், "அடுத்தது யாரு, உள்ள போங்க" என்று மட்டும் சொல்கிற ஆளாகிவிடுவேன். அது பிடிக்கவில்லை.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை


மார்ச் 9

அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. சௌக்கியம். உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவர் அலுவலகம் போயிருக்கிறார்.

இங்கே நடப்பதை நீ தெரிந்துகொள்ளவேண்டும். காலை ஆறு மணிக்கு எழுந்து, முகம் கழுவுவதற்கு முன்னால் தாளைக் கிழிக்கிறார். "இன்னிக்கு எனக்கு என்ன வெச்சிருக்கா பாரு" என்கிறார்.

"உங்களுக்கா? ஊருக்கே அச்சடிச்சிருக்கு" என்றேன்.

"ஊருக்குன்னா நேத்து ஏன் தொலைஞ்ச குடையைப் பத்திக் கேக்கறா? அன்னிக்கு விருந்து மண்டபத்துல குடையை விட்டுட்டு வந்தது நானா, ஊரா?"

"குடையைத் தொலைக்காதவங்க யாருங்க இருக்காங்க?"

"என்னை மாதிரி தொலைச்சவங்க இல்ல."

தினமும் இப்படித்தான். ஆனால் ஒன்று. அந்த அறை கைவிட்டுப் போன நாளிலிருந்து இந்த வீட்டில் இரண்டு பேச்சுதான்: சாப்பாடு ஆச்சா, கதவைச் சாத்தியாச்சா. இப்போது சண்டை போடவாவது வாய் திறக்கிறார். நேற்று பேருந்தில் ஒரு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கி நடந்து வந்தார். ஏன் என்றால், "யோசிச்சிட்டே இருந்துட்டேன்" என்கிறார். அந்தப் புன்னகையைப் பற்றி நாலு நாளாகப் பேச்சே இல்லை.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். நீ நிஜமாகவே அவரை நினைத்துத்தான் எழுதினாயா?

அண்ணி


மார்ச் 17

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலம். உங்கள் கேள்விக்கு நான் இப்போது பதில் சொன்னால், அதை நீங்கள் அவரிடம் மறைக்கவேண்டி வரும். உங்களுக்கு மறைக்க வராது. முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். அதனால் மே மாதம் கேளுங்கள். அதுவரை முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 28

வாலுவுக்கு,

சின்ன வயதில் உன்னைக் கூப்பிட்ட பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடித்தால் தாள் அசிங்கமாகும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

நலம். தேர்வு மாதம் என்பதால் அலுவலகத்தில் வேலை அதிகம். இந்த வருடத் தாள்களில் பிழை என்று ஒரு புகாரும் வரவில்லை. புன்னகை என்னிடம் வந்து, "உங்களாலதான் சார்" என்றான். அதில் உள்ளர்த்தம் என்ன என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. சும்மாவும் சொல்லியிருக்கலாம்.

மேலாளர் விஷயம் படித்தேன். அலமாரியில் ஒட்டுவதுதான் அளவுகோல் என்றால் உலகத்தில் முக்கால்வாசி எழுத்தைத் தூக்கிப் போடவேண்டியதுதான். நீ முந்நூற்று அறுபத்தைந்தை முடிக்கிற வழியைப் பார்.

பிப்ரவரி 9 கேள்வியை ஒதுக்கியிருந்தேன் அல்லவா? ஒதுக்கிய கேள்வியை மறுபடி பார்க்க எங்கள் வாரியத்தில் வழி உண்டு. பார்த்தேன். விடைக்குறிப்பு கீழே.

பேருந்து நிலையத்தில் ஒரு பெஞ்சு.
எங்கள் ஊர் வண்டி வந்தது. ஏறவில்லை.
அடுத்ததும் வந்தது. நடத்துனர் கையசைத்தார். ஏறவில்லை.
அவள் தேடிக்கொண்டு வந்தால் நான் இருக்கவேண்டுமே.
மூன்றாவதில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன்.
போகிறேன் என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை.

ஆறு வரி இருக்கிறது. அந்தச் சொல் இல்லை. கேள்வி தேறுகிறது.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. தண்ணீர் நிறையக் குடி.

அண்ணன்


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணா,

உன் ஆறு வரியையும் கிளினிக்கில் படித்துவிட்டு, பின்னறைக்குப் போய் பல் அச்சுகள் வைக்கிற அலமாரியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். டாக்டர், "என்ன, பல்வலியா?" என்றார். ஆமாம் என்றேன்.

அன்று விருந்தில் நீ கைகழுவப் போயிருக்கிறாய் என்று நினைத்தேன். உன் தட்டை யாரும் எடுக்காமல் மூடிவைத்தேன். நாலு மணிக்கு மண்டபத்துக்காரர் வந்தார்.

"இது யாருதும்மா?"

"எங்க அண்ணன் வருவார்."

"எல்லாரும் சாப்பிட்டுப் போய் மூணு மணி நேரம் ஆச்சும்மா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேருந்து நிலையம் பத்து நிமிட நடை. எனக்குத் தோன்றவில்லை அண்ணா. கோபித்துக்கொண்டு போனவன் எப்போதோ போயிருப்பான் என்றுதான் நினைத்தேன்.

நாலு பேர் சிரிக்கத்தான் அதைச் சொன்னேன். டாக்டர், மகளுடைய தோழிகள், எல்லோருக்கும் முன்னால் நானும் பேசத் தெரிந்தவள் என்று காட்டிக்கொள்ளவேண்டியிருந்தது. அதற்கு உன்னை விற்றேன். அது தப்பு.

இன்றைய கணக்குக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்று ஆகியிருக்கிறது. அதில் இருபத்துமூன்று உன் கடிதங்களிலிருந்து எடுத்தவை. அனுமதி கேட்கவில்லை, கேட்டால் விண்ணப்பப் படிவம் அனுப்பச் சொல்வாய். 'யாராவது வந்தால் உட்காரட்டும் என்று எதை நகர்த்தி வைத்தீர்கள்?' இது உன்னுடையதுதான்.

கோடையில் அண்ணியை அழைத்துக்கொண்டு வா.

உன் வாலு


ஏப்ரல் 30

தங்கைக்கு,

மூன்று வாரம் எழுதாததற்குக் காரணம் உண்டு.

உன் கடிதம் வந்த அன்று, பத்தாம் தேதி, ஆணி பெயர்ந்து நாள்காட்டி கீழே விழுந்தது. எடுத்து மாட்டும்போது அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அச்சிட்ட மாதம் ஜூலை என்று போட்டிருக்கிறது. போன ஜூலை. விருந்து ஆகஸ்டில். நமக்குள் ஒன்றுமே நடப்பதற்கு முன்னால் அத்தனை தாளும் அச்சாகி முடிந்துவிட்டது. மே மாதத்துக்குள் கொடுக்கவேண்டும் என்று மார்ச்சில் நீயே எழுதியிருக்கிறாய். அதைப் படித்தும் எனக்கு உறைக்கவில்லை.

எனக்கு உறைக்கவில்லை என்பதுதான் வெட்கம். எங்கள் வாரியத்திலும் மார்ச் தேர்வுக்கு முந்தைய மே மாதமே கேள்விகள் முடிவாகிவிடும். சில வருடம் முன்னால் ஒரு தகப்பனார் வந்து மேசையைத் தட்டினார். 'நீங்கள் தோற்ற ஒரு நாள்' என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தோம். "என் பையன் போன வாரம்தான் ஓட்டப்பந்தயத்துல கடைசியா வந்தான் சார். தெரிஞ்சே கேட்டிருக்கீங்க" என்றார். நான்தான் அவருக்குப் பொறுமையாக விளக்கி அனுப்பினேன். வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் சொல்லிச் சிரித்தேன். இப்போது அவள் சிரிக்கிறாள். "அவருக்கு என்ன சொல்லி அனுப்பிச்சீங்களோ, அதையே கண்ணாடி முன்னால நின்னு சொல்லிக்கோங்க" என்கிறாள்.

சிரிக்கட்டும். எனக்குக் கோபம் அதில் இல்லை. ஜனவரியிலேயே ஒரு வரி எழுதி நீ என்னைத் திருத்தியிருக்கலாம். எண்பத்துமூன்று நாள், தினம் காலையில் ஒருத்தி எனக்கென்று ஒன்று அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்து எழுந்திருக்கிறேன். ஒரு தாள்கூட எனக்கில்லை.

உங்கள் நலத்துக்குக் குறைவிருக்காது என்று நம்புகிறேன்.

அண்ணன்


மே 9

அன்புள்ள அண்ணா,

நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் போதும். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

ஜனவரியில் உண்மையைச் சொல்லியிருந்தால், 'சரி' என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிட்டு நீ நிறுத்தியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். சண்டை போடவாவது வந்திருக்கிறாயே, கலைக்கவேண்டாம் என்று விட்டுவிட்டேன். அது சூதுதான். ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும் விருந்துக்கு முன்னால் எழுதினேன் என்பது சரி. ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்த ஆள் என்று நான் அறிந்தது உன்னை மட்டும்தான். ஒவ்வொன்றையும் எழுதி முடித்ததும், இதற்கு அண்ணன் என்ன குறை சொல்வார் என்று யோசித்து, ஒரு சொல்லை மாற்றிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன். முந்நூற்று அறுபத்தைந்துக்கும் அப்படித்தான். இதை உனக்கு எழுதியது என்று சொல்லலாமா என்பது எனக்குத் தெரியாது. நீ சரிபார்த்துச் சொல்.

மேலாளர் கையில் சமையல் குறிப்பு முழுசாக வந்து சேர்ந்துவிட்டது, வருடம் முழுமைக்கும். நேற்று அவரிடம் பேசினேன். "ஒரே ஒரு ஆள் இதை தினமும் உபயோகிக்கறார்னு காட்டுங்கம்மா, நான் அச்சடிக்கறேன்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் காட்ட ஆளில்லை. உன்னை எழுதச் சொல்லிக் கேட்கமாட்டேன். உறவுக்காரர் சிபாரிசு அவரிடம் எடுபடாது. உனக்கும் அந்தச் சொல்லே ஆகாது.

முந்நூற்று இருபத்துநான்கு ஆகிவிட்டது. இன்னும் நாற்பத்தொன்று. அச்சாகிறதோ இல்லையோ, முடித்துக் கொடுத்துவிடுவேன்.

உன் வாலு


மே 18

வாலுவுக்கு,

இங்கே இருவரும் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்று கையெழுத்தே சொல்கிறது. ஆனால் வரி கீழே சரிகிறது, மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்து எழுது.

மே 9 கடிதத்தின் மூன்றாம் பத்தியைச் சரிபார்த்தேன். ஏற்கப்படுகிறது. திருத்தம் இல்லை.

நாற்பத்தொரு கேள்விகள் இத்துடன். ஐந்து நாளில் எடுத்தவை, வேண்டாததைத் தள்ளு. தள்ளியதற்குக் காரணம் எழுதவேண்டாம். மாதிரிக்கு:

உங்களுக்குக் கிடைக்காத அறைக்குள் இப்போது வெயில் எங்கே விழுந்திருக்கும்?

ஒரு நகைச்சுவையை, அதில் மாட்டிக்கொண்டவர் பக்கமிருந்து சொல்லுங்கள்.

இன்று யார்மேலும் கோபம் இல்லை. மிச்சமிருக்கும் நேரத்தில் என்ன செய்வீர்கள்?

எதற்கும் விடைக்குறிப்பு வைக்கவில்லை. வைத்தால் அதையே எழுதித் தொலைப்பார்கள்.

உன் அண்ணியின் முழங்காலைக் காட்ட ஜூன் முதல் வாரம் அங்கே வருகிறோம். சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவோம். டாக்டரையும் கூப்பிடு, எனக்கு ஆட்சேபம் இல்லை.

அண்ணன்


மே 20

நாள்காட்டி நிறுவன மேலாளருக்கு,

வணக்கம். நலம் விசாரிக்கிற அளவுக்கு நமக்குள் பழக்கமில்லை; நலமாக இருந்தால் சரி.

உங்கள் நாள்காட்டி ஜனவரியிலிருந்து எங்கள் வீட்டில் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளின் சிவப்பு மங்கலாக இருக்கிறது. தாள்களைச் சேர்த்துத் தைத்த இடத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது, விரலில் குத்துகிறது. இவை குறைகள். அடுத்த வருடம் சரிசெய்யவும்.

தேதிக்குக் கீழே கவிதை எழுதுவதற்கு நீங்கள் போடுகிற வரியை யாராவது உபயோகிக்கிறார்களா என்று உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கலாம். உங்கள் இடத்தில் இருந்தால் எனக்கும் வந்திருக்கும். பதில் இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. ஜனவரி 18 முதல் மே 19 வரை, நூற்று இருபத்திரண்டு தாள்கள். ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அந்தந்த நாளின் கேள்விக்கு அந்தந்த நாள் எழுதியது; பிப்ரவரி 9 மட்டும் தாமதமாக, மார்ச்சில். ஏப்ரல் பத்திலிருந்து மூன்று வாரம் எழுதியவனுக்குக் கோபம். எழுத்து கிறுக்கலாக இருக்கும். ஆனால் ஒருநாளும் விட்டுப்போகவில்லை, எண்ணிக்கொள்ளலாம்.

இவற்றில் நான்கைந்து தவிர மற்றவை தேறாது. தரத்துக்காக அனுப்பவில்லை, ஆதாரத்துக்காக அனுப்புகிறேன். நான் எதையும் நகல் எடுக்காமல் அனுப்பியதில்லை. இவற்றுக்கு எடுக்கவில்லை. எடுக்க உட்கார்ந்தால் ஒவ்வொன்றையும் திருத்துவேன், இந்த வருடம் முழுக்க அதிலேயே போய்விடும். திருப்பி அனுப்பவேண்டாம்.

மற்ற நிறுவனங்களின் நாள்காட்டிகளில் சமையல் குறிப்பு வருகிறது. நான் அதற்கு விரோதி இல்லை. அதைப் படித்து ஒருவர் சமைப்பார், சாப்பிடுவார், தட்டைக் கழுவிக் கவிழ்ப்பார். ஐம்பத்துமூன்று வயதில், யார்மேலும் நல்ல அபிப்பிராயம் மிச்சமில்லாத ஒருவனைக் காலை ஆறு மணிக்கு எழுப்பி, உனக்கு என்ன தெரியும், சொல் என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லும்வரை காத்திருக்க எந்தக் குறிப்பாலும் ஆகாது. உங்கள் தாள் காத்திருந்தது. கேள்வி எடுக்கிறவர் தன் வேலை தெரிந்தவர். கேள்விகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

என் மேசைக்கு வருகிற மொட்டைக் கடிதங்களை இருபத்தெட்டு வருடமாகப் படிக்காமலே கூடையில் போட்டிருக்கிறேன். யாராவது ஒருவரைக் கவிழ்ப்பதற்கு எழுதியவையாகவே அவை இருக்கும். ஒருவர் நின்றுகொண்டிருக்கட்டும் என்று எழுதிய மொட்டைக் கடிதம் எனக்கு வந்ததில்லை, உங்களுக்கும் வந்திருக்காது. வந்தால் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

முதல் பிரதியின் அடியில் பெயர், பட்டங்கள், பதவி எல்லாம் போட்டிருந்தேன். நான்கு வரி ஓடியது. வாசித்துப் பார்த்தேன், கிழித்தேன். இது இரண்டாம் பிரதி. இதைப் பெயரில்லாமலேயே தபாலில் சேர்க்கிறேன்.